காலையில் மட்டும் கிளம்ப மறுத்த கார்: 25 வயது பென்ஸ் டீசல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை, தன் நிர்வாக இயக்குநருக்காக 1997 மார்ச்சில் வாங்கிப் பதிவு செய்த கார் இது. மெர்சிடிஸ் பென்ஸ் இ 250 டீசல், உடற்கட்டுக் குறியீடு டபிள்யூ 124. பென்ஸ் நிறுவனம் 1994-ல் இந்தியாவுக்கு வந்து, 1995-ல் புனேயில் பாகங்களைப் பொருத்தித் தயாரிக்க ஆரம்பித்த முதல் மாடல் இந்த டபிள்யூ 124-தான். 2497 சிசி, ஐந்து சிலிண்டர், டர்போ கிடையாது, 113 குதிரைத்திறன். அந்தக் காலத்து மில் முதலாளிகள் பின் சீட்டில் உட்கார்ந்து போவதற்கென்றே வாங்கிய வண்டி.

2004-ல் ஆலை வேறு காருக்கு மாறியபோது, அங்கே ஸ்டோர்ஸ் மேலாளராக இருந்தவர் இதை வாங்கிக்கொண்டார். இந்த ஆய்வில் அவரை உரிமையாளர் என்றே குறிப்பிடுகிறேன். 2021-ல் அவருக்கு வயது 66. அவருடைய மகள், பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில் பொறியாளர். நான் அதே தெருவில் குடியிருப்பவன். என் பழைய டீசல் வண்டிகளை நானே பார்த்துக்கொள்வேன். இந்த வேலையில் முதலிலிருந்து கடைசிவரை உடன் இருந்தேன், குறிப்பேடு எழுதியதும் நான்தான். கீழே வரும் தேதிகளும் நேரங்களும் அந்தக் குறிப்பேட்டில் இருப்பவை.

ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் போன்றவற்றை உரிமையாளர் பல வருடங்களாக வீட்டிலேயே மாற்றிவந்தார். முன் சஸ்பென்ஷனில் மட்டும் கை வைக்கமாட்டார். இந்த மாடலில் முன் ஸ்பிரிங் தனியாக, முழு அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றினால் ஆளைக் கொன்றுவிடும். அந்த வேலை எப்போதும் வெளியில்தான். சரியான வழக்கம், நானும் அப்படித்தான்.

2021 நவம்பரில் ஓடோமீட்டர் 2,84,000 கி.மீ. காட்டியது. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தக் காருக்கு 2012, 2017 முடிந்து அடுத்தது 2022 மார்ச். அந்த ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகப் போவதாக அறிவிப்பும் வந்திருந்தது. ஆனால் பணத்தைவிட, மார்ச்சுக்குள் வண்டி ஒழுங்காக ஓடியாக வேண்டும் என்பதுதான் நெருக்கடி. பின்னால் நடந்த ஒரு தவறுக்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

கவனித்தவை

நவம்பர் கடைசியில் காலை நேரத்தில் வண்டி கிளம்பச் சிரமப்பட்டது. முன்பெல்லாம் மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடித்தால் போதும். இப்போது 20 முதல் 25 விநாடி, அதுவும் இரண்டு மூன்று தடவையாக. கிளம்பியதும் ஒரு நிமிடம் குலுங்கி, சாம்பல் புகை கக்கி, அப்புறம் சீராகிவிடும். அதன்பின் நாள் முழுக்க எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் சாவியைத் தொட்டவுடன் கிளம்பும். இரண்டு மணி நேரம் நிறுத்தினால் சிக்கல் இல்லை. இரவு முழுக்க நின்றால்தான் தகராறு.

உரிமையாளர் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். டேங்க் நிறைய டீசல் இருந்தால் காலையில் பரவாயில்லை. தெருவில், மூக்கு கீழே பார்க்கும்படி நிறுத்தினாலும் பரவாயில்லை. போர்ட்டிகோ சரிவில், மூக்கு மேலே தூக்கியபடி நிறுத்தினால்தான் மோசம். இரண்டையும் நான் குறிப்பேட்டில் எழுதினேன், எழுதியதோடு சரி. அவற்றின் பொருள் விளங்க இன்னும் ஒரு மாதம் ஆனது.

டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு இடங்களில் கேட்டார்கள். ஒரு டீசல் பம்ப் சர்வீஸ் கடையில், டீசலை அழுத்தி சிலிண்டருக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்து, டீசலைத் தெளிக்கும் ஐந்து நாசிலையும் பார்க்க வேண்டும், 68,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டியின் பானெட்டைத் திறக்காமலே சொன்ன கணக்கு அது. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில், குளிர்ந்த இன்ஜின் கிளம்புவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஐந்தையும் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நடக்கக்கூடியதே. ஆனால் இரண்டுமே ஊகம்.

முதல் முடிவு: வாங்குவதற்கு முன் அளப்பது

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், வீட்டில் அளக்கக்கூடியதை எல்லாம் அளந்துவிடுவது என்று டிசம்பர் 18 அன்று முடிவு செய்தோம்.

பேட்டரியில் ஆரம்பித்தோம். ஓய்வில் 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.3. இன்ஜின் நல்ல வேகத்தில்தான் சுற்றியது. ஆக பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் கணக்கில் இல்லை.

அடுத்தது ஹீட்டர் பிளக். இந்த இன்ஜினில் பிளக்குகள், சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன, பார்க்கவே முடியாது. ஆனால் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி வயர் ரிலேவுக்கு வருவதால், ரிலே சாக்கெட்டைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் எதையும் பிரிக்காமல் அளந்துவிடலாம். நல்ல பிளக் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். 1, 3, 4 அப்படிக் காட்டின. 2, 5 இரண்டும் அறுந்துபோயிருந்தன.

பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு பிளக் வாங்கப் போயிருப்பார்கள். நானும் போயிருப்பேன். தடுத்தது மகள்தான். "அண்ணா, நாளைக்குக் காலைல அப்பா செல்ஃப் அடிக்கட்டும், நான் பின்னாடி நின்னு புகைய வீடியோ எடுக்கறேன்" என்றாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு எடுத்த அந்த வீடியோவில், முதல் 16 விநாடிக்கு சைலன்சரிலிருந்து ஒரு இழைப் புகைகூட வரவில்லை. அதன் பிறகுதான் வெண்புகை, உடனே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

இது முக்கியமான அறிகுறி. பிளக் மட்டும் பழுதென்றால், செல்ஃப் அடித்த சில விநாடியிலேயே எரியாத டீசல் வெண்புகையாக வெளியே வரத் தொடங்கும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை என்று அர்த்தம். பிளக் இரண்டு செத்திருப்பது உண்மைதான், ஆனால் 25 விநாடிக்கு அது காரணம் அல்ல.

இந்த இன்ஜினில் ஒரு வசதி உண்டு. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே போகும் டீசல் குழாய்கள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். காலப்போக்கில் பழுப்பேறினாலும் டார்ச் அடித்தால் உள்ளே தெரியும். இரவில் பார்த்தபோது முழுக்க டீசல். காலையில் பார்த்தால் விரல் நீளத்துக்குக் காற்று. செல்ஃப் அடிக்க அடிக்க அந்தக் காற்று குமிழிகளாக உடைந்து நகர்ந்தது. எங்கோ காற்று புகுந்து, இரவில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. ஆனால் எங்கே?

பாட்டில் சோதனையும் அதில் நாங்கள் செய்த தவறும்

டேங்கிலிருந்து இன்ஜின்வரை சுமார் மூன்று மீட்டர் குழாய். அதற்கு அப்புறம் ஃபில்டர்கள், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் தூக்குப் பம்ப், ஷட் ஆஃப் வால்வு, இன்ஜெக்ஷன் பம்ப். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறது என்று பிரித்தறிய ஒரு பழைய வழி உண்டு. டேங்க் லைனைக் கழற்றி அடைத்துவிட்டு, சுத்தமான டீசல் உள்ள பாட்டிலிலிருந்து இன்ஜினுக்குக் குழாய் கொடுப்பது, மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே பாட்டிலுக்குள் விடுவது. காலையில் நன்றாகக் கிளம்பினால் கோளாறு டேங்க் பக்கம். கிளம்பாவிட்டால் இன்ஜின் பக்கம்.

டிசம்பர் 25 இரவு, ஐந்து லிட்டர் கேனைப் போர்ட்டிகோ கூரைக் கொக்கியில் தொங்கவிட்டோம். காலையில் மூன்று விநாடியில் கிளம்பியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். டேங்க் பக்கம்தான் கோளாறு என்று தீர்மானித்து, அடுத்த ஞாயிறு முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்து, டேங்க் ஓஸ்களையும் கிளிப்புகளையும் மாற்றினோம். 2,400 ரூபாய் செலவு. வண்டி நான்கு ஸ்டாண்டுகளின் மேல், சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவில்லை.

திங்கள் காலை 23 விநாடி. ஒன்றுமே மாறவில்லை.

அன்று மாலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது உரிமையாளர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். "கிணத்து மோட்டாருக்கு புட்வால்வு ஒழுகுச்சுன்னா ராத்திரில தண்ணி பூரா எறங்கிப்போகுது, காலைல தண்ணி ஊத்தித்தான் எடுக்கோணும். அதே மேல்தொட்டில இருந்து பைப்பு போட்டா, புட்வால்வு ஒழுகுனாலும் தண்ணி வரத்தானே கண்ணு செய்யும்?"

மகள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நாம கேனை மேல தொங்கவிட்டதுதான் தப்புங்ப்பா" என்றாள்.

அவள் அன்றாடம் அலுவலகத்தில் பார்க்கிற விஷயம் அது. கேன் இன்ஜினைவிட உயரத்தில் இருந்தால், குழாய் முழுக்க டீசலின் எடை உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஓட்டை எங்கே இருந்தாலும் காற்று உள்ளே வராது, டீசல்தான் வெளியே கசியும். ஆக, உயரத்தில் தொங்கிய கேன் எந்தப் பக்கத்துக் கோளாறையும் மறைத்துவிடும். உரிமையாளர் ஆரம்பத்திலேயே சொன்ன இரண்டு விஷயங்களும், டேங்க் நிறைவும் மூக்கு கீழே பார்ப்பதும், இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. குறிப்பேட்டில் எழுதியதை நான் திரும்பிப் படித்திருந்தால் ஒரு ஞாயிறும் 2,400 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

ஜனவரி 4 இரவு கேனைத் தரையில் வைத்துச் சோதித்தோம். காலையில் 22 விநாடி. டேங்க் லைன் இணைப்பிலேயே இல்லாதபோதும் கோளாறு வந்தது, ஆகவே இன்ஜின் பக்கம்.

அப்புறம் முதல் சோதனையின் தவறையே கருவியாக்கினோம். கேனை மீண்டும் மேலே தொங்கவிட்டோம், இந்த முறை ஓட்டையைக் கண்டுபிடிக்க. காற்று உள்ளே வரும் இடத்தில் இப்போது டீசல் வெளியே வந்தாக வேண்டும். எல்லா இணைப்புகளையும் துடைத்து, கைக்கு எட்டியவற்றின் மேல் டிஷ்யூ பேப்பர் சுற்றினோம், எட்டாத இடங்களுக்குக் கீழே பேப்பரை விரித்தோம். மறுநாள் காலை எல்லாம் உலர்ந்திருக்க, இன்டேக் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே விரித்த பேப்பரில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அந்த இடத்துக்கு மேலே இருப்பது ஷட் ஆஃப் வால்வு. சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்துகிற வால்வு அது, மூன்று குழாய்கள், கசியாமல் அடைக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தோடு அதில் செருகி நிற்கின்றன. 25 வருட இன்ஜின் சூட்டில் அந்த ரப்பர் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது முடிவு: எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது

இன்ஜெக்ஷன் பம்பையும் நாசில்களையும் தொடுவதில்லை என்று முடிவானது. அவை பழுதென்பதற்கு எங்களிடம் ஆதாரமே இல்லை. சூடான இன்ஜின் சீராக ஓடியது, இழுவையும் குறையவில்லை. தவிர, பம்புக்கு அப்பால் உள்ள இரும்புக் குழாய்களில் அழுத்தம் 100 பாருக்கு மேல். அங்கே ஓடும் இன்ஜினில் கசிவு தேடி விரல் வைத்தால், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருந்தாலும் அது அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். வீட்டில் தொடவேண்டிய இடம் அல்ல.

பிளாஸ்டிக் குழாய்கள், ஷட் ஆஃப் வால்வின் ஓ ரிங்குகள் ஆகியவற்றை நாங்களே மாற்றுவது என்று தீர்மானித்தோம். அதற்கு இன்டேக் மேனிஃபோல்டு வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் ஹீட்டர் பிளக்குகளும் கைக்கு எட்டும். மேனிஃபோல்டை இரண்டு தடவை கழற்றுவதற்குப் பதில் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்றேன் நான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் எது எதைச் சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது என்றாள் மகள். நேரம் குறைவாக இருந்ததால் என் பேச்சு எடுபட்டது. வேலையின் கணக்கில் என் பக்கம் நியாயம், அறிவின் கணக்கில் அவள் பக்கம்.

வேலை நடந்த விதம்

குழாய்களும் ஓ ரிங்குகளும் பாக எண் கொடுத்து வரவழைத்தவை, 9,600 ரூபாய். மேனிஃபோல்டு கேஸ்கெட் 1,900. நான்கு நாள் கிடைக்கிறது என்று பொங்கல் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஜனவரி 14, தைப்பொங்கல் அன்று படையல் முடிந்து பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். இந்த மாடலில் பானெட்டை நேர் செங்குத்தாக நிறுத்தலாம், உள்ளே குனிய முதுகு நோகாது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் இன்ஜின் படம் வரைந்து, அதே இடத்தில் குத்திவைத்தாள் மகள். மேனிஃபோல்டு வெளியே வந்ததும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் இன்டேக் துளைகளைத் துணியால் அடைத்தோம். எத்தனை துணி என்று எண்ணி எழுதினோம், திரும்ப எடுக்கும்போது மறுபடி எண்ணினோம். ஒரு நட் உள்ளே விழுந்தால் இன்ஜின் போச்சு.

வால்விலிருந்து வந்த பழைய ஓ ரிங்குகள் வளையவே இல்லை. ஒன்றை மகள் நகத்தால் அழுத்தியதும் முறிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு, நசுங்கித் தட்டையாகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் சறுக்கினோம். வந்திருந்த ஓ ரிங் பொட்டலத்தில் ஒன்று குறைந்தது. பொங்கலுக்குக் கடைகள் பூட்டு, 16-ம் தேதி ஞாயிறு கொரோனாவுக்கான முழு ஊரடங்கு. நான்கு நாளும் போய்விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று தெரியாது, பதிவைப் புதுப்பிக்க மார்ச்சில் எஃப்.சி. (தகுதிச் சோதனை) வேறு. மகளிடம் பல அளவு ஓ ரிங் அடங்கிய பெட்டி ஒன்று இருந்தது. பழைய ரிங்கின் தடிமனை வெர்னியரில் அளந்தோம். 1.8 மி.மீ. பெட்டியில் 1.78 மி.மீ. ரிங் இருந்தது. கச்சிதம் என்று போட்டுவிட்டோம்.

அது கச்சிதமே இல்லை. 25 வருடம் நசுங்கிய ரிங்கை அளந்திருக்கிறோம். நசுங்குவதற்கு முன் அது எவ்வளவு தடிமனாக இருந்தது என்று அந்த அளவு சொல்லாது. அளந்திருக்க வேண்டியது அது உட்காரும் பள்ளத்தை. மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் இது தோன்றவில்லை.

ஹீட்டர் பிளக்குகளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, எட்டிய அளவுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டுவந்தோம். பொங்கல் அன்று காலையில் இன்ஜினை ஓட்டி, சூடு ஆறுவதற்குள் பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினோம். இந்த வகை இன்ஜின்களில் பிளக்கின் நுனியைச் சுற்றிக் கரி இறுகி, கழற்றும்போது பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிவது பரவலாகத் தெரிந்த தொல்லை. முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், கைகூடாவிட்டால் ஹெட்டையே கழற்ற வேண்டும். அதனால், குறித்த முறுக்கு விசை வந்ததும் 'டிக்' என்று ஒலிக்கும் டார்க் ரெஞ்சில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் இழுப்பதில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்தோம்.

ஒன்று முதல் நான்கு வரை வந்துவிட்டன. ஃபயர்வால் ஓரத்தில் இருந்த ஐந்தாவது அசையவில்லை. ரெஞ்ச் 'டிக்' என்று சொன்னது. எண்ணெய் விட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி முயன்றோம். மறுபடி 'டிக்'. உரிமையாளருக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பாக்கலாமே" என்றார். மகள் பதில் பேசாமல் ரெஞ்சைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கோயம்புத்தூரின் குளிருக்கு ஐந்தில் நான்கு பிளக் போதும், முறிந்த பிளக்கோடு நிற்கிற வண்டி எதற்கும் ஆகாது. இந்த வேலை முழுவதிலும் நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். புதிய நான்கு பிளக் 5,200 ரூபாய்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய டீசல்களில் இருப்பதுபோல் கையால் அடித்து டீசலை ஏற்றும் பிரைமர் இந்த இன்ஜினில் கிடையாது. ஃபில்டரை டீசலால் நிரப்பி, டேங்க் லைனில் தற்காலிகமாக ஒரு ரப்பர் பிரைமர் பல்ப் இணைத்து, குழாயில் குமிழி மறையும்வரை அழுத்தினோம். அதன்பின் 15 விநாடி செல்ஃப், ஒரு நிமிட ஓய்வு. மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

விளைவு

ஜனவரி 18 காலை 6.10. போர்ட்டிகோ சரிவு, மூக்கு மேலே, டேங்கில் கால்வாசி. வேண்டுமென்றே மோசமான நிலையில் நிறுத்தியிருந்தோம். மூன்று விநாடியில் கிளம்பியது. அடுத்த 30 காலைகளின் நேரத்தை உரிமையாளரே எழுதினார். இரண்டுக்கும் நான்குக்கும் இடையில்தான் எல்லாமே. ஐந்தாவது பிளக் வேலை செய்யாததால் முதல் சில விநாடி லேசாகக் குலுங்கி, மெல்லிய புகை வரும். பிறகு சீராகிவிடும்.

மார்ச் முதல் வாரத்தில் எஃப்.சி. காட்டினார்கள். இந்தக் கார் தயாரான காலத்து டீசல் வண்டிகளுக்கான புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்குள் வந்தது. பின்பக்கப் பிரேக் ஓஸ்களை மட்டும் முன்கூட்டியே ஒர்க்‌ஷாப்பில் மாற்றியிருந்தோம். பதிவு 2027 மார்ச்வரை புதுப்பிக்கப்பட்டது.

ஏப்ரல் கடைசியில், குடும்பத்தோடு கோத்தகிரி போய்த் திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். 40 நிமிடம் கழித்து வண்டி கிளம்பவில்லை. நல்ல வெயில், சூடான இன்ஜின், டேங்கில் குறைவான டீசல். நான்காவது முயற்சியில்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மகள் போனில் சொன்ன முதல் வாக்கியம், "அண்ணா, அந்த 1.78 தான்."

அதுவேதான். மேனிஃபோல்டை மறுபடி கழற்றிப் பார்த்தபோது, முறையான ரிங்குகள் உட்கார்ந்திருந்த இடங்கள் உலர்ந்திருந்தன. நாங்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதைச் சுற்றி மட்டும் டீசல் ஈரம். கசிவு சின்னதுதான், ஆனால் சூடான இன்ஜினுக்கு மேல் டீசல் கசிவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வண்டிக்குள் குழந்தைகள் இருந்தார்கள். பாக எண்ணுக்குரிய புதிய ரிங் தொகுப்பு 650 ரூபாய், இன்னொரு கேஸ்கெட் 1,900. மே 8-க்குப் பிறகு அந்த இடத்தில் ஈரம் இல்லை.

மொத்தச் செலவு, வீணாகப் போன 2,400-ஐயும் சேர்த்து 21,650 ரூபாய். மூன்று பேருக்குமாக ஆறு முழு நாள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பாட்டில் சோதனையைத் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் டேங்கின் மட்டத்தில். உயரத்தில் தொங்கவிடுவது கசியும் இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். இந்த இரண்டும் ஒரே சோதனை அல்ல. கேனும் குழாயும் ஒன்றுதான், ஆனால் கேட்கிற கேள்வி வேறு.

வண்டியை ஓட்டுகிறவர் சொல்வதை எழுதினால் போதாது, ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் அதை எடுத்துப் படிக்க வேண்டும். உரிமையாளர் சொன்ன சரிவும் டேங்க் அளவும் முதல் வாரத்திலேயே விடையைக் காட்டியிருக்கும். அவர் மெக்கானிக் இல்லை என்பதால் நான் அதற்கு எடை கொடுக்கவில்லை. அது என் பிழை, வேறு யாருடையதும் இல்லை.

பிரிப்பதற்கு முன்பே பாகங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்திருக்க வேண்டும். பொட்டலம் ஜனவரி 10-ம் தேதியே வந்துவிட்டது. அன்றே திறந்து எண்ணியிருந்தால், குறைந்த ஒன்றை வரவழைக்க நான்கு நாள் இருந்தது. ரப்பர் சீல் எதையும் பழையதை அளந்து வாங்கக் கூடாது என்பதை இப்போது குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். பள்ளத்தை அளக்க வேண்டும், அல்லது பாக எண்ணோடு வாங்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் வண்டி நிற்கட்டும்.

பிளக்கையும் குழாயையும் ஒன்றாக மாற்றியது பற்றி எங்களுக்குள் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை. 25 விநாடி மூன்றானதில் பிளக்கின் பங்கு எவ்வளவு என்று சொல்ல எங்களிடம் எந்த அளவும் இல்லை. இதே வேலை திரும்ப வந்தால், மேனிஃபோல்டை இருமுறை கழற்றும் சிரமத்தை ஏற்றுக்கொண்டு, குழாயை மட்டும் மாற்றி ஒரு வாரம் பார்த்திருப்பேன் என்கிறாள் மகள். மே மாதம் எப்படியும் இரண்டாம் தடவை கழற்றத்தானே வேண்டியிருந்தது என்கிறபோது என்னிடம் பதில் இல்லை.

ஐந்தாவது பிளக் அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதன் மேல் சில துளி எண்ணெய் விடுகிறார் உரிமையாளர். ஹெட் எப்போதாவது வெளியே வந்தால் அப்போது லேத் பட்டறையில் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை அதன் வயர் நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, அதில் "தொடாதே, 14.1.2022" என்று மகள் எழுதிவைத்திருக்கிறாள்.